மலையடிவாரத்தின் நீர்க்கணக்கும் கணினியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேலே பெய்யும் மழை காட்டோடைகளாகத் தொடங்கி, அடிவாரத்து மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்து கண்மாய்களில் தேங்குகிறது. அங்கிருந்து மடைகளின் வழியே நஞ்சைக்கும், மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளுக்கும் போய், எஞ்சியது அர்ச்சுனா நதியாகவும் வைப்பாறாகவும் கிழக்கே ஓடி மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. நீர் ஒன்றுதான் என்றாலும் அதைப் பற்றிய முடிவுகள் பல கைகளில் பிரிந்து கிடக்கின்றன. எந்தச் சரிவில் மேய்ச்சலைத் தடுப்பது என்பதை வனத்துறையும், எந்த மடையைச் செப்பனிடுவது என்பதை நீர்வளத்துறையும், எந்த நாளில் மடை திறப்பது என்பதைப் பாசனச் சங்கமும், எத்தனை ஆழ்துளைக் கிணறு போடுவது என்பதைத் தோப்புக்காரரும், நெல்லா பருத்தியா என்பதை ஆயக்கட்டு விவசாயியும் தனித்தனியே முடிவு செய்கின்றனர்.

முடிவுகள் தனித்தனியாக இருந்தாலும் விளைவுகள் அப்படி இருப்பதில்லை. மேட்டில் ஒருவர் செய்தது பள்ளத்தில் இன்னொருவர் வயலில் தெரிய ஒரு பருவமோ பத்து ஆண்டுகளோ ஆகலாம். நிலத்திலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வெள்ளாமையைப் பணயம் வைக்க வேண்டும். காட்டைப் பொறுத்தவரை ஒரு தலைமுறையே போய்விடும். முடிவை எடுப்பதற்கு முன்பே அதன் விளைவுகளைக் கணக்கில் ஓட்டிப் பார்க்க உதவும் முறைதான் கணினி ஒப்புருவாக்கம், அதாவது சிமுலேஷன். வேளாண்மையிலும் சூழல் மேலாண்மையிலும் இம்முறை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்து வந்திருக்கிறது. அதன் பயன்பாடுகளில் ஒன்று இந்த வட்டாரத்தை உள்ளடக்கியிருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் கண்மாய்களைச் சார்ந்தது.

கணக்கிலிருந்து மாதிரிக்கு

ஒப்புருவாக்கத்தின் அடிப்படை ஒரு வரவு செலவுக் கணக்கு. ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டால் ஓடைநீரும் நேரடி மழையும் வரவு. மடையில் திறந்துவிடுவது, ஆவியாவது, அடியில் கசிவது, கலுங்கில் வழிவது ஆகியவை செலவு. நேற்றைய இருப்போடு இன்றைய வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் இன்றைய இருப்பு கிடைக்கும். இந்தக் கணக்கை ஒரு பருவத்தின் ஒவ்வொரு நாளுக்கும், முப்பது பருவங்களுக்கும் தொடர்ந்து போடும் விதிகளின் தொகுப்பே மாதிரி. அதை வெவ்வேறு நிபந்தனைகளில் ஓட்டிப் பார்ப்பதே ஒப்புருவாக்கம்.

கணக்கு எளிது என்றாலும் அதன் உறுப்புகள் அவ்வளவு எளியவை அல்ல. பத்து சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பரப்பில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுந்த நீரின் அளவு 4 லட்சம் கன மீட்டர். புரட்டாசியில் காய்ந்த மண்ணின் மேல் அந்த மழை பெய்து அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஓடி வந்தால் கண்மாய்க்குக் கிடைப்பது 40,000 கன மீட்டர். கார்த்திகையில் ஊறிய மண்ணின் மேல் அதே மழை பெய்து நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு ஓடி வந்தால் 1,40,000 கன மீட்டர். மழை அளவு மாறாமலே வரத்து மூன்றரை மடங்காகிறது. ஆகவே, நேற்றும் முந்தாநாளும் எவ்வளவு பெய்தது, மண் எவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் மாதிரி நாள்தோறும் நினைவில் வைத்திருக்க வேண்டும். செலவுப் பக்கமும் அப்படித்தான். நூறு ஹெக்டேர் பரப்பில் பரந்து கிடக்கும் ஆழமற்ற நீரிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால், தொண்ணூறு நாளில் 4.5 லட்சம் கன மீட்டர் வானத்துக்குப் போய்விடும். ஹெக்டேருக்கு 12,000 கன மீட்டர் வேண்டும் நெல்லில் ஏறக்குறைய 37 ஹெக்டேரை விளைவிக்கப் போதுமான நீர் அது.

இத்தகைய கணக்குகள் கணினிக்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்தன. கலுங்கின் நீளத்தை முடிவு செய்ய வெள்ளத்தின் உச்ச அளவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சென்னை மாகாணத்தின் அனுபவத்திலிருந்து 1884இல் உருவான ரைவ்ஸ் சூத்திரம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பு எட்டு மடங்கானால் உச்ச வெள்ளம் நான்கு மடங்குதான் ஆகும் என்னும் விகிதத்தை அது கொண்டிருக்கிறது; அதில் பெருக்க வேண்டிய எண் கடற்கரையை ஒட்டிய பகுதிக்கு 6.8 என்றும் மலையை ஒட்டிய குறுகிய பகுதிக்கு 10.2 என்றும் மாறுகிறது. மழையில் எத்தனை விழுக்காடு ஓடிவரும் என்பதைத் தரும் ஸ்ட்ரேஞ்ச் அட்டவணை பம்பாய் மாகாணத்தின் அளவீடுகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. இவையும் மாதிரிகளே. ஒரு கேள்விக்கு ஒரு விடை தருவதோடு அவை நின்றுவிடுகின்றன. கணினியோ ஒரே கண்மாயை முப்பது ஆண்டு மழைக்கும் ஐந்து வகை மேலாண்மைக்கும் உட்படுத்தி, நூற்றைம்பது பருவங்களின் முடிவைச் சில நொடிகளில் அடுக்கித் தருகிறது.

அந்த அடுக்கின் பயன் சராசரியைத் தாண்டிப் பார்ப்பதில் இருக்கிறது. சராசரி வரத்தைக் கொண்டு ஆயக்கட்டில் எத்தனை ஹெக்டேர் நடலாம் என்று முடிவு செய்தால், வரத்து சராசரிக்குக் கீழே போகும் ஒவ்வோர் ஆண்டும் கடைமடை காயும்; வடகிழக்குப் பருவமழையை நம்பிய வட்டாரத்தில் அத்தகைய ஆண்டுகள் அரியவை அல்ல. எத்தனை ஹெக்டேர் நட்டால் பத்தில் எத்தனை ஆண்டு கதிர் முற்றும் வரை நீர் நிற்கும் என்னும் கேள்விதான் விவசாயிக்கு வேண்டியது. ஒப்புருவாக்கம் விடை சொல்லக்கூடிய கேள்வியும் அதுவே.

மடை, கிணறு, வாய்க்கால்: எதற்குச் செலவிடுவது?

1985 மார்ச்சில் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் வரை ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதன் மேற்குப் பகுதியாக இருந்தன. கண்மாய்களின் எண்ணிக்கைக்குப் பெயர்பெற்ற அம்மாவட்டத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொருளியல் அறிஞர் கே. பழனிசாமியும் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. வில்லியம் ஈஸ்டரும் 1980களின் முதற்பாதியில் கண்மாய்ப் பாசனத்தை விரிவாக ஆய்ந்தனர். பின்னர் பழனிசாமி, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜே. சி. ஃபிளின்னுடன் சேர்ந்து, கண்மாய்ப் பாசனத்தின் செயல்திறனை ஒப்புருவாக்கத்தின் வழி மதிப்பிடும் ஆய்வை 1988இல் ‘அக்ரிகல்சுரல் சிஸ்டம்ஸ்’ என்னும் ஆய்விதழில் வெளியிட்டார்.

அவர்கள் எடுத்துக்கொண்டது எந்தக் கண்மாய்க்கரையிலும் கேட்கக்கூடிய கேள்வி. செலவிடப் பணம் குறைவாக இருக்கும்போது மடையைச் செப்பனிடுவதா, மடை திறப்பை முறைப்படுத்துவதா, வாய்க்காலுக்குச் சிமெண்டுப் பூச்சு கொடுப்பதா, ஆயக்கட்டுக்குள் கூடுதல் கிணறுகள் தோண்டுவதா என்பதே அது. நெல் பால்பிடிக்கும் தறுவாயில் கண்மாய் வற்றிவிடுவதும், கடைசிச் சில தண்ணீருக்காகக் கிணறு உள்ளவரிடம் நீரை விலைக்கு வாங்குவதும் கண்மாய்ப் பாசனத்தில் வழக்கமாகிவிட்டதால், மேற்பரப்பு நீரையும் நிலத்தடி நீரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இத்தெரிவுகளின் விளைவுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பதே கணினிக்கு இங்கே வேலை தருகிறது. வாய்க்காலுக்குப் பூச்சு கொடுத்தால் கசிவு குறைந்து கடைமடைக்கு நீர் விரைவாகப் போய்ச் சேரும். ஆனால் அந்தக் கசிவைத்தான் வாய்க்காலோரக் கிணறுகள் ஊற்றாகப் பெற்று வந்தன. தலைமடைக்காரர் முதலில் தாராளமாக எடுத்தால் அவர் வயலிலிருந்து இறங்கும் நீர் நிலத்தடியில் சேர்கிறது என்பது உண்மைதான் என்றாலும், அதை மீண்டும் இறைக்க மோட்டார் வைத்திருப்பவருக்கே அது கிடைக்கும். கிணறு கூடக் கூடத் தண்ணீர் விற்பவர்களுக்குள் போட்டி ஏற்பட்டு விலை இறங்கலாம். ஒரு வரம்பைக் கடந்தால் கிணறுகள் ஒன்றின் ஊற்றை ஒன்று இழுத்துக்கொள்ளவும் செய்யும். நன்மை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அனுபவத்தால் ஊகிக்கலாம். எவ்வளவு, எத்தனை ஆண்டில், யாருக்கு என்பவை எண்ணாகக் கணக்கிட்டால்தான் தெரியும்.

கண்மாய்கள் தனித்து இருப்பதும் இல்லை. மேல் கண்மாயின் கலுங்கில் வழிவதும் அதன் ஆயக்கட்டில் வடிவதும் கீழ்க் கண்மாய்க்கு வரத்தாவதால், மேலே கரையை உயர்த்திக் கொள்ளளவைக் கூட்டினால் கீழே வரத்து குறையும். இத்தகைய தொடர்களுக்கான மாதிரியைத் தமிழ்நாட்டுக்கு அருகிலேயே காணலாம். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அவர்களுள் ஒருவரான ஆர். சக்திவடிவேல் உட்பட, அனுராதபுரம் மாவட்டத்துத் திறப்பனைக் குளத்தொடருக்கு நாள்தோறும் நீர்ச்சமநிலையைக் கணிக்கும் ‘காஸ்கேட்’ என்னும் மாதிரியை உருவாக்கி, 2001இல் அதை அறிக்கையாக வெளியிட்டனர். ஒரு குளத்தில் செய்யும் மாற்றம் அதற்குக் கீழுள்ள குளத்தை எப்படித் தொடுகிறது என்பதைக் காட்டும் அந்த முறை, மலையடிவாரத்திலிருந்து படிப்படியாக இறங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்களுக்கும் பொருந்தக்கூடியது.

செடிக்குள் நடப்பதைக் கணக்கிடுதல்

கண்மாயின் கணக்கு நீரோடு முடிய, பயிரின் கணக்கில் வெயிலும் வெப்பமும் மண்சத்தும் சேர்ந்துகொள்கின்றன. நெதர்லாந்து அறிஞர் சி. டி. டி விட் 1965இல், ஒரு வயலின் இலைப்பரப்பு முழுவதும் நாளொன்றுக்கு எவ்வளவு ஒளிச்சேர்க்கை செய்யும் என்பதைக் கணினியால் கணக்கிட்டுக் காட்டியதிலிருந்து பயிர் மாதிரிகளின் வரலாறு தொடங்குகிறது எனலாம். அன்றாட ஒளியில் எவ்வளவு மாவுச்சத்து உருவாகிறது, அதில் சுவாசத்துக்குப் போனது போக எஞ்சியது வேர், தண்டு, இலை, காய் ஆகியவற்றுக்கு எப்படிப் பிரிகிறது, நீரோ தழைச்சத்தோ குறைந்தால் எது முதலில் நிற்கிறது என்று இவ்வகை மாதிரிகள் பயிரின் வாழ்நாளை நாள்நாளாக நடத்திச் செல்கின்றன.

பருத்தியையும் நூற்பாலைகளையும் நம்பி வளர்ந்த ராஜபாளையத்துக்கும், பருத்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்து எஸ்.வி.பி.ஆர். என்னும் பெயர்வரிசையில் இரகங்களை வெளியிட்டு வரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும், இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று பருத்தி மாதிரி என்பது ஆர்வமூட்டக்கூடும். அமெரிக்க வேளாண்துறையினரும் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் உருவாக்கிய ‘காசிம்’ மாதிரி பருத்திச் செடியின் ஒவ்வொரு கணுவையும் பின்தொடர்ந்தது. ஏறக்குறைய 15.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே பருத்தி வளராது என்பதால், அதற்கு மேற்பட்ட வெப்பத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போய்ச் சப்பை, பூ, காய் என்னும் பருவங்கள் எப்போது வரும் என்று அது கணித்தது; செடி உருவாக்கும் மாவுச்சத்து காய்களின் தேவைக்குப் போதாத நாட்களில் எத்தனை சப்பைகளும் பிஞ்சுகளும் உதிரும் என்பதையும் கணக்கிட்டது. அதனோடு ‘காமாக்ஸ்’ என்னும் வல்லுநர் மென்பொருளை இணைத்து, எந்த நாளில் நீர் பாய்ச்சுவது, எப்போது தழைச்சத்து இடுவது என்னும் ஆலோசனையைப் பண்ணையின் கணினியிலேயே தரும் முயற்சி 1980களின் நடுவில் தொடங்கியது. 1986இல் ‘சயின்ஸ்’ இதழ் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது.

வெவ்வேறு பயிர் மாதிரிகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த ‘டிஸ்ஸாட்’ மென்பொருள் 1989இல் வெளிவந்தது. புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியச் சூழலுக்கென ‘இன்ஃபோகிராப்’ மாதிரியை உருவாக்கியது. இவை அனைத்துக்கும் வேண்டிய உள்ளீடு நான்கு வகைப்படும். அன்றாட மழை, வெப்பம், சூரிய ஒளி முதலிய வானிலை. ஒவ்வோர் அடுக்கிலும் மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கும் என்னும் மண் விவரம். இரகத்தின் வயது, வெப்பத் தேவை முதலியவற்றைக் குறிக்கும் எண்கள். விதைப்பு, உரம், பாசனம் ஆகியவற்றின் நாளும் அளவும். கரிசலையும் செவலையும் ஒரே எண்ணால் குறித்துவிட்டால் கரிசலுக்கு வறட்சியும் செவலுக்கு ஈரமும் கூடுதலாகக் காட்டும் மாதிரிதான் கிடைக்கும்.

இவ்வகை மாதிரி விவசாயிகளின் உண்மையான கேள்விக்குப் பயன்பட்டதற்குத் தென்னிந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுலோசனா காட்கிலும் அவருடைய சகாக்களும், கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்துப் பாவகடா வட்டாரத்தில் மானாவாரி நிலக்கடலைக்கு ஏற்ற விதைப்புக் காலம் எது என்பதை ‘பிநட்குரோ’ மாதிரியைக் கொண்டு பல பத்தாண்டுகளின் மழைப்பதிவுகளின்மேல் ஓட்டிப் பார்த்தனர். வெவ்வேறு தேதிகளில் விதைத்திருந்தால் ஒவ்வோர் ஆண்டும் என்ன கிடைத்திருக்கும் என்று ஒப்பிட்டதில், நட்டம் வரக்கூடிய ஆண்டுகள் எந்தத் தேதியில் எவ்வளவு கூடுகின்றன என்பது தெரிந்தது. எதைக் கணக்கிட வேண்டும் என்பதை அப்பகுதி விவசாயிகளோடு பேசி முடிவு செய்ததே அந்த ஆய்வின் தனிச்சிறப்பு.

காட்டின் கேள்விகள்

இந்த மலைச்சரிவின் காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலைச் சரணாலயத்தோடு இணைந்து, ஏறக்குறைய 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில், தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயிற்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் சாம்பல் நிற அணில், மரத்துக்கு மரம் தாவி இரை தேடும் உயிர். கிளையோடு கிளை தொடும் மர உச்சிகளின் தொடர்ச்சி அறுந்தால் அது தரையில் இறங்க வேண்டியதாகி, இரைகொல்லிகளின் கண்ணில் படுகிறது. இந்த அணிலின் வாழிடத்தை மனிதத் தலையீடு எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஜஸ்டஸ் ஜோஷுவாவும், ஒரு காலத்தில் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துப் பின்னாளில் நாட்டின் முன்னணிக் காட்டுயிர் அறிஞராக விளங்கிய ஏ. ஜே. டி. ஜான்சிங்கும் ஆராய்ந்து 1994இல் வெளியிட்டனர்.

அத்தகைய களத்தரவு இருக்கும் இடத்தில் ஒப்புருவாக்கம் அடுத்த கேள்வியை எடுத்துக்கொள்ள முடியும். ஒவ்வொரு மரத்தையும் ஒரு புள்ளியாகவும், அணில் தாவக்கூடிய தூரத்துக்குள் இருக்கும் மரங்களை இணைக்கும் கோடுகளை வழியாகவும் கொண்டு ஒரு வலைப்பின்னலை வரைந்துவிட்டால், எந்த மரத்தை இழந்தால் வலை இரண்டாக அறும், எந்த இடத்தில் நான்கு மரம் நட்டால் பிரிந்த இரு கூட்டங்கள் சேரும் என்பதைக் கணினியில் கண்டறியலாம். வனத்துறையின் எல்லைக்கு வெளியே பட்டா நிலத்து மாவும் புளியும் அந்த வலையின் உறுப்புகளாக இருக்கும் என்பதால், ஒரு தோப்புக்காரர் மரத்தை வெட்டுவதும் விட்டுவைப்பதும் காட்டின் கணக்கிலும் ஏறுகிறது. பிரிந்துபோன சிறு கூட்டம் தற்செயலாகவே அற்றுப்போகலாம் என்பதையும் இம்முறை காட்டும்: பிறப்பையும் இறப்பையும் நிகழ்தகவின்படி ஆண்டுதோறும் நடத்தி, அதே கூட்டத்தை ஆயிரம் முறை நூறாண்டு வாழவிட்டு, எத்தனை முறை அழிகிறது என்று எண்ணிப் பார்ப்பதே இனத்தொகை நிலைப்பாட்டு ஆய்வு எனப்படுகிறது.

மேய்ச்சல் பற்றிய முடிவு இதைவிடச் சிக்கலானது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்து, சில நாட்களிலேயே அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என வரையறுத்தது. மாட்டின் குளம்பு படாத மண் இளகி மழைநீரை அதிகம் உள்வாங்கும். மான் முதலியவற்றுக்குப் புல் மிஞ்சும். அதே புல் மாசி பங்குனியில் காய்ந்து காட்டுத்தீக்கு எரிபொருளாகவும் ஆகலாம். மலைமாடு வளர்ப்போரின் பிழைப்பு இன்னொரு பக்கம் நிற்கிறது. எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இவ்விளைவுகளுள் எது எந்தச் சரிவில் ஓங்கும் என்பதை வெறும் வாதத்தால் தீர்க்க முடியாது. அமெரிக்க வேளாண்துறையின் ஜெஃப் அர்னால்டு முதலியோர் உருவாக்கி உலகெங்கும் பரவிய ‘ஸ்வாட்’ மாதிரி, ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சரிவு, மண், நிலப்பயன்பாடு ஆகியவற்றின்படி சிறு அலகுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரும் வண்டலும் எவ்வாறு நகர்கின்றன என்று கணக்கிட்டு ஓடையில் சேர்க்கிறது. காட்டின் நிலை மாறினால் கீழே கண்மாய்க்கு எவ்வளவு நீரும் எவ்வளவு மண்ணும் வரும் என்னும் கேள்வியை அதைக் கொண்டு கேட்கலாம். வனத்துறையின் முடிவும் பாசனச் சங்கத்தின் முடிவும் ஒரே ஏட்டில் பதிவாவது அப்போதுதான்.

யானைகள் தோப்புகளில் இறங்குவதற்கும் இதே நோக்கு பொருந்தும். ஒரு தோப்பு மின்வேலியிட்டு மூடிக்கொண்டால் அந்த அழுத்தம் அடுத்த தோப்புக்கு மாறக்கூடும். யானைக்கூட்டம் நீரையும் தீனியையும் நோக்கி நகரும் விதிகளைக் கொடுத்து வேலியின் வெவ்வேறு அமைப்புகளைக் கணினியில் சோதித்தால், தனித்தனி வேலிகளுக்கும் ஒருங்கிணைந்த வேலிக்கும் உள்ள வேறுபாடு செலவிடுவதற்கு முன்பே புலப்படும்.

எப்போது நம்பலாம்?

திரையில் வண்ண வரைபடமாக வருவதெல்லாம் உண்மை என்று கொள்வது இம்முறையின் பெரிய ஆபத்து. ஒரு மாதிரி இரண்டு தேர்வுகளைக் கடக்க வேண்டும். கண்மாயின் அளந்த நீர்மட்டத்தோடு கணக்கின் மட்டம் ஒத்துவரும்படி கசிவு, ஓட்ட விகிதம் முதலிய எண்களைத் திருத்துவது முதலாவது. அப்படித் திருத்துவதற்குப் பயன்படுத்தாத வேறு ஆண்டுகளில் அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. முதலாவதை மட்டும் முடித்துக்கொண்டு இரண்டாவதைத் தவிர்த்த மாதிரி, பழைய வினாத்தாளை மனப்பாடம் செய்த மாணவனைப் போல, தெரிந்த ஆண்டுக்கு மட்டும் முழு மதிப்பெண் வாங்கும். மலையடிவாரத்தில் இச்சிக்கல் இன்னும் கூடுகிறது. ஊருக்குள் இருக்கும் மழைமானி வறண்டிருக்கும்போதே சில கிலோமீட்டர் மேற்கே மலையில் கனமழை பெய்து ஓடை பெருகலாம் என்பதால், சமவெளியின் மழைப்பதிவைக் கொண்டு மட்டும் கண்மாயின் வரத்தைக் கணிக்க முடியாது.

மாதிரியின் முடிவு பணமாக மாறும் இடத்தில் பொறுப்பும் கூடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பங்கேற்ற ‘ரைஸ்’ திட்டத்தில், மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கும் செயற்கைக்கோள் ரேடார் படங்களிலிருந்து நெல்வயலின் பரப்பும் வளர்ச்சியும் அறியப்பட்டு, அவற்றை ‘ஒரைசா’ என்னும் நெல் மாதிரியில் செலுத்தி விளைச்சல் மதிப்பிடப்பட்டது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016–17 பருவத்தில் பயிர்க் காப்பீட்டு முடிவுகளுக்கு இம்முறை துணை நின்றது. பயிர் அறுவடைச் சோதனைகள் முடியும் வரை காத்திராமல் பாதிக்கப்பட்ட ஊர்களை விரைவில் அடையாளம் காண முடிந்தது அதன் வலிமை. ஓர் ஊரின் சராசரியைச் சொல்லும் கணக்கு, அந்த ஊரின் கடைமடையில் காய்ந்த ஒரு வயலைப் பற்றித் தனியாகப் பேசாது என்பது அதன் எல்லை. எந்த அளவில் கேட்ட கேள்விக்கு எந்த அளவில் விடை வந்திருக்கிறது என்பதை முடிவெடுப்போர் மறக்கக் கூடாது.

மென்பொருளைச் செய்து கொடுத்துவிட்டால் விவசாயி பயன்படுத்திக்கொள்வார் என்னும் நம்பிக்கை பல நாடுகளில் பொய்த்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1990களில் ‘ஃபார்ம்ஸ்கேப்’ என்னும் பெயரில் நடந்த பணி அதிலிருந்து வேறு வழியைக் கண்டது. ஆய்வாளர்கள் விவசாயியின் நிலத்திலேயே மண்ணை அளந்து, அவருடைய மழைப்பதிவை வைத்து, அவர் கேட்கும் கேள்விக்கு ‘ஆப்சிம்’ மாதிரியை அவர் முன்னேயே ஓட்டிக் காட்டினர். தன் வயலில் ஏற்கெனவே நடந்ததை மாதிரி சரியாகச் சொல்கிறதா என்று விவசாயி முதலில் சோதித்தார். அது தேறிய பிறகே இனி என்ன செய்யலாம் என்னும் பேச்சு தொடங்கியது. சூழலியல் அறிஞர் சி. எஸ். ஹாலிங் 1978இல் தொகுத்தளித்த தகவமைப்பு மேலாண்மை என்னும் கொள்கையும் இதையொட்டியதே: சம்பந்தப்பட்ட அனைவரும் கூடி மாதிரியை உருவாக்கி, ஒரு முடிவை எடுத்துச் செயல்படுத்தி, விளைவை அளந்து, மாதிரி தவறிய இடத்தைத் திருத்தி மீண்டும் முடிவெடுக்க வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது.

ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் அடிவாரத்தில் இதைத் தொடங்கப் பெரிய கணினி தேவையில்லை. மலைச்சரிவில் சில மழைமானிகளும், ஒவ்வொரு கண்மாயிலும் ஓர் அளவுகோலும், நாள்தோறும் நீர்மட்டத்தையும் மடை திறந்த நேரத்தையும் எழுதி வைக்கும் ஏடும், மாதம் ஒருமுறை அளந்த சில கிணறுகளின் ஆழமும் ஐந்தாறு ஆண்டுகள் சேர்ந்தாலே நம்பத்தக்க மாதிரிக்கு அடித்தளம் கிடைத்துவிடும். தமிழ்நாடு பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம், 2000இன் கீழ் அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு அந்த ஏட்டைப் பேணும் தகுதி உண்டு. எந்த மழைக்கு எந்த ஓடை எத்தனை நாழிகையில் வரும் என்பதை அறிந்த நீர்ப்பாய்ச்சிகளின் அனுபவம், மாதிரியின் விதிகளைச் சரிபார்க்க எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. ஏடும் மாதிரியும் ஒரு துறையின் அலமாரிக்குள் முடங்காமல், வனத்துறை, நீர்வளத்துறை, தோப்புக்காரர், ஆயக்கட்டுக்காரர் ஆகிய எல்லோரும் கேள்வி கேட்கக்கூடிய பொதுச்சொத்தாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அப்படி அமைந்தாலும் முடிவெடுக்கும் உரிமையும் பாரமும் மனிதர்களிடமே இருக்கும். தலைமடையும் கடைமடையும், காடும் தோப்பும் மோதும்போது யாருக்கு முன்னுரிமை என்பது நீதி சார்ந்த கேள்வி; அதற்கு எந்தச் சூத்திரமும் விடை சொல்லாது. ஆனால் இந்த நாளில் மடையைத் திறந்தால் பத்தில் எத்தனை ஆண்டு எவருடைய வயல் காயும் என்பது சபையின் முன் எண்ணாக வைக்கப்பட்டுவிட்டால், விளைவு தெரியாமல் செய்துவிட்டோம் என்று பின்னால் சொல்லிக்கொள்ள எவருக்கும் இடமிருக்காது.